கீமோ மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். குழந்தைக்குத் திட்டமிடும் நான் என்ன செய்வது?

கடிதம் எழுதியவர் பொது மருத்துவ வார்டில் பணியாற்றும் இளம் செவிலியர். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மருத்துவமனையில் நரம்பு வழியாக ஏற்றும் கீமோவுக்குத் தனி அறையும் பயிற்சி பெற்ற ஆட்களும் இருக்கிறார்கள். மாத்திரையாகக் கொடுக்கும் கீமோ மட்டும் மற்ற மருந்துகளோடு சேர்ந்து சாதாரண வார்டுக்கே வந்துவிடுகிறது. சில மாதங்களாக, விழுங்க முடியாத ஒரு பெரியவருக்குக் கேபசிடபைன் மாத்திரைகளைப் பீங்கான் கல்வத்தில் பொடித்து, தண்ணீரில் கலந்து மூக்குக் குழாய் வழியாக இவர் கொடுத்து வருகிறார். குழந்தைகள் பிரிவில் டூட்டி வரும்போது, இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒரு சிறுவனுக்கு மெர்காப்டோபியூரின் மாத்திரையைப் பிளேடால் பாதியாக வெட்டிக் கொடுக்கிறார். கையுறை இருந்தால் போட்டுக்கொள்வார். அறுவை சிகிச்சை முகக்கவசம் எப்போதும் உண்டு. வேலை முடிந்ததும் கையில் சானிடைசர் தேய்த்துக்கொள்வார். அதே கல்வத்தில்தான் மற்ற நோயாளிகளின் மாத்திரைகளும் பொடிக்கப்படுகின்றன.

இப்போது அவருக்குத் தலைவலியும் முடி உதிர்வும் இருக்கின்றன. கணவரும் அவரும் குழந்தைக்குத் திட்டமிடுகிறார்கள். இதை மேலாளரிடம் இப்போதே சொல்வதா என்று தயங்குகிறார். கேபசிடபைன் பெட்டிக்குள் இருந்த தாளில், மருந்தை நிறுத்திய பிறகும் பெண்கள் 6 மாதம் கருத்தரிக்கக் கூடாது என்று படித்ததிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. மூத்த சிஸ்டரிடம் கேட்டபோது, “இருபது வருஷமா செய்யறேன், எனக்கு ரெண்டு பிள்ளைங்க, ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. ஊசி மருந்துதான் ஆபத்து, மாத்திரைக்கு என்ன?” என்று பதில் வந்திருக்கிறது. மாத்திரை உண்மையிலேயே ஆபத்தா, வேலையை விட்டுவிட வேண்டுமா, இதுவரை உடலுக்குள் போனதைக் கண்டுபிடிக்கச் சோதனை உண்டா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் மருந்துகளின் பெயரைக் கண்டு பயந்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்தப் பீங்கான் கல்வம். கேபசிடபைன் முழு மாத்திரையாக, அதன் மேல்பூச்சு சிதையாமல், கையுறை அணிந்த கையால் கிண்ணத்தில் இடப்பட்டு நோயாளியின் வாய்க்குப் போகும்வரை, கொடுப்பவருக்கு வரும் ஆபத்து மிகக் குறைவு. அதே மாத்திரை கல்வத்துக்குள் போனதும் கதை மாறிவிடுகிறது. மேல்பூச்சு உடைந்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் தூள் எழும்புகிறது. அது உங்கள் மூச்சிலும் முன்கையிலும் சீருடையிலும் மேசையிலும், பிறகு அந்த மேசையில் கை வைக்கும் ஒவ்வொருவர் மீதும் படிகிறது. ஆகவே உங்களுக்கு நான் சொல்லப்போவதில் முக்கால் பங்கு, அந்தத் தூள் உண்டாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதைப் பற்றியது. கையுறையும் முகக்கவசமும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

ஊசிதான் ஆபத்து என்பது எங்கிருந்து வந்தது

உங்கள் மூத்த சிஸ்டர் சொன்னதற்கு ஒரு வரலாறு உண்டு. 1979-ஆம் ஆண்டு பின்லாந்து ஆய்வாளர்கள், புற்றுநோய் மருந்துகளைக் கையாண்ட செவிலியரின் சிறுநீரில் மரபணு மாற்றத்தைத் தூண்டும் தன்மை கூடுதலாக இருப்பதாக எழுதினார்கள். 1985-இல் அதே நாட்டுச் செவிலியரிடையே நடந்த மற்றோர் ஆய்வு, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இம்மருந்துகளைக் கையாண்டதற்கும் கரு இழப்புக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. அக்காலத்தில் குப்பியிலிருந்து மருந்தை உறிஞ்சிக் கலக்கும் வேலை பெரும்பாலும் வார்டிலேயே, போதிய காப்பு இல்லாமல் நடந்தது. அதன் விளைவாகத்தான் தனி அறை, காற்றை வடிகட்டி வெளியேற்றும் பாதுகாப்புப் பெட்டி, பயிற்சி எல்லாம் ஊசி மருந்துகளுக்கு வந்தன. இதற்கிடையில் மாத்திரையாகத் தரப்படும் புற்றுநோய் மருந்துகள் பெருகின. பாதுகாப்பு ஏற்பாடு மட்டும் ஊசி அறையின் வாசலோடு நின்றுவிட்டது. உங்கள் மருத்துவமனையில் நீங்கள் காண்பதும் அதுதான்.

மருந்தின் குணம் அது எந்த வடிவில் வருகிறது என்பதைப் பொறுத்து மாறுவதில்லை. சைக்ளோபாஸ்பமைடு ஊசியாகவும் வருகிறது, மாத்திரையாகவும் வருகிறது. அதையும், வாய்வழி தரப்படும் மெல்பலான், குளோராம்புசில், புசல்பான் ஆகியவற்றையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நீங்கள் கையாளும் இரண்டும் அந்தப் பிரிவில் இல்லை. ஆனால் இரண்டும் பிரியும் உயிரணுக்களைத் தாக்குபவை, கருவுக்குத் தீங்கு செய்யக்கூடியவை. அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் 2004-இல் வெளியிட்ட எச்சரிக்கையிலிருந்து இன்றுவரை, மாத்திரைகளையும் சேர்த்துத்தான் ‘ஆபத்தான மருந்துகள்’ என்று பட்டியலிட்டு வருகிறது.

மூத்த சிஸ்டரின் பிள்ளைகள் நன்றாக இருப்பது மகிழ்ச்சியான செய்தி. ஒருவருடைய நல்வாழ்வை வைத்து ஒரு வேலையின் பாதுகாப்பை அளக்க முடியாது. கரு கலைந்துபோனவர்களும் கருத்தரிக்கத் தாமதமானவர்களும் அதை வேலையோடு சேர்த்துப் பேசுவது அரிது, பலருக்கு அப்படிச் சேர்த்துப் பார்க்கவும் தோன்றாது. அவருடன் வாதம் செய்ய வேண்டாம். தீங்கு நிச்சயம் என்று நீங்களும் நிரூபிக்கத் தேவையில்லை. இம்மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு, பணியாளர் உடலில் இவ்வளவுவரை படலாம் என்று வகுக்கப்பட்ட பாதுகாப்பான அளவு கிடையாது. அதனால்தான் முடிந்தவரை குறைப்பது என்பதே உலகெங்கும் விதியாக இருக்கிறது.

இங்கே ஒரு சிறு விலகல். ‘கீமோ’ என்ற பெயர் ஒட்டாமலேயே இந்த வகை மருந்துகள் உங்கள் வார்டு ட்ரேயில் இருக்கின்றன. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை தரப்படும் மெத்தோட்ரெக்சேட்டும், சிறுநீரக மாற்று செய்துகொண்டவர் சாப்பிடும் அசாதயோபிரினும் மைக்கோபெனோலேட்டும் இதே கவனத்தைக் கேட்பவை. அசாதயோபிரின் உடலுக்குள் மாறுவதே நீங்கள் வெட்டும் மெர்காப்டோபியூரினாகத்தான். புற்றுநோயாளியின் மருந்துக்குக் கையுறை போட்டுவிட்டு, அடுத்த கட்டிலில் இதை வெறும் விரலால் எடுத்துக் கொடுப்பதில் பொருளில்லை.

பொடிக்காமல் கொடுக்கும் வழிகள்

பெரியவரின் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கேபசிடபைனை வெட்டவோ பொடிக்கவோ கூடாது என்று அதன் தயாரிப்புத் தாளே சொல்கிறது. தவிர்க்க முடியாவிட்டால், ஆபத்தான மருந்துகளைக் கையாளப் பயிற்சி பெற்றவர், அதற்குரிய கருவியோடு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. வார்டு மேசைக் கல்வம் அந்தக் கருவி அல்ல. பொடிக்கும்போது மருந்து கல்வத்தின் சுவரிலும் உலக்கையிலும் ஒட்டிக்கொள்வதால் நோயாளிக்கும் முழு அளவு போவதில்லை. எனவே “எனக்குப் பயமாக இருக்கிறது” என்று தொடங்காமல், “இந்த மருந்தை இப்படிக் கொடுக்கலாமா, அளவு சரியாகப் போகிறதா?” என்று மருத்துவரிடமும் மருந்தாளுநரிடமும் கேளுங்கள். அது தொழில்முறைக் கேள்வி. பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு உண்டு.

அவர்கள் யோசிக்கக்கூடிய வழிகள் சில உண்டு. இந்த நோயாளிக்கு வேறு வடிவில் மருந்து தர முடியுமா என்று பார்க்கலாம். கேபசிடபைன் உடலுக்குள் போய் ஃபுளோரோயுராசிலாக மாறுகிறது. அந்த மருந்தே நரம்பு வழியாகவும் கொடுக்கப்படுகிறது. எது பொருத்தம் என்பது புற்றுநோய் மருத்துவரின் முடிவு. மாத்திரைதான் வேண்டும் என்றால், பாதுகாப்புப் பெட்டி உள்ள மருந்தகத்திலேயே கரைசலாகத் தயாரித்து, மூடிய வாய்வழிச் சிரிஞ்சில் பெயரும் அளவும் ஒட்டி வார்டுக்கு அனுப்பலாம். உங்கள் மருத்துவமனையில் ஊசி கீமோவுக்கு அந்தப் பெட்டி ஏற்கெனவே இருக்கிறது. இடம் இருக்கிறது, பயிற்சி பெற்றவர் இருக்கிறார். இந்த ஒரு வேலையை அங்கே மாற்றக் கோருவது பெரிய கோரிக்கை அல்ல.

அதுவும் உடனே நடக்காத இடைக்காலத்தில், மருந்தாளுநர் அந்த மருந்துக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டால், சிரிஞ்சுக்குள்ளேயே கரைக்கும் முறை இருக்கிறது. ஊசி பொருந்தாத வாய்வழிச் சிரிஞ்சின் உந்துதண்டை வெளியே எடுத்து, மாத்திரையை முழுதாக உள்ளே இட்டு, தண்டைத் திரும்பப் பொருத்துங்கள். வெதுவெதுப்பான நீரை உறிஞ்சி, முனையை மூடி, மாத்திரை தானாகக் கரையும்வரை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் கொடுங்கள். குலுக்க வேண்டாம். பூச்சுள்ள மாத்திரை கரையச் சற்று நேரம் எடுக்கும். அவசரப்பட்டு நசுக்கத் தோன்றும், அங்கேதான் பொறுமை வேண்டும். குழாயில் இணைக்கும் இடத்துக்கு அடியில், பின்புறம் பிளாஸ்டிக் உள்ள உறிஞ்சும் விரிப்பு ஒன்றைப் போடுங்கள். கொடுப்பதற்கு முன்னும் பின்னும் நீரால் குழாயை அலசுங்கள். தூள் காற்றில் எழ இம்முறையில் வாய்ப்பே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. ஆனால் திரவம் தெறிக்கலாம் என்பதால் இரண்டு ஜோடி கையுறை, நீர் ஊடுருவாத நீளக்கை கவுன், கண்காப்பு மூன்றும் வேண்டும்.

சிறுவனுக்கு வழி எளிது. மெர்காப்டோபியூரின் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் என்ற வாய்வழித் திரவமாகவும் தயாரிக்கப்படுகிறது. அது கிடைக்குமா என்று மருந்தகத்தைக் கேட்கச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால், வாரத்துக்கான மொத்த அளவு மாறாமல், சில நாள்கள் ஒன்று, சில நாள்கள் இரண்டு என முழு மாத்திரைகளாகவே அமையும்படி அட்டவணையை மாற்ற முடியுமா என்று குழந்தையின் மருத்துவர் பார்ப்பார். அதுவும் முடியாமல் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், மருந்தகத்தில் பாதுகாப்புப் பெட்டிக்குள் வெட்டி, ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனியாக அடைத்து அனுப்பட்டும். இந்த மாத்திரைக்கு மேல்பூச்சு கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்: பிளேடு படாமலேயே தொட்ட விரலில் தூள் ஒட்டும்.

சிறுவர்கள் மாத்திரையைத் துப்புவார்கள். உமிழ்நீரில் பாதி கரைந்து கன்னத்தில் வழியும் அந்த மாத்திரையைத் தாயோ செவிலியரோ வெறும் விரலால் வழித்து மறுபடி வாய்க்குள் தள்ளுவதை வார்டுகளில் தினமும் பார்க்கலாம். மேல்பூச்சு இல்லாத ஈர மாத்திரை தோலில் படுவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. கொடுக்கும்போதே கையுறையோடு ஈரத் துணி ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். தாய்க்கும் ஒரு ஜோடி கையுறை கொடுங்கள். துப்பிவிட்டாலோ வாந்தி எடுத்தாலோ மருத்துவரைக் கேட்காமல் இன்னொரு மாத்திரை கொடுக்க வேண்டாம்.

அந்தக் கல்வத்தைக் கழுவி வைக்க முயல வேண்டாம். அதன் சொரசொரப்பான அடியில் படிந்திருக்கும் வெள்ளைத் தூள், அடுத்து யாருக்கோ பொடிக்கும் இரத்த அழுத்த மாத்திரையோடு சேர்ந்து அவருடைய வயிற்றுக்குப் போகிறது. அந்த யாரோ ஒரு கர்ப்பிணியாகவும் இருக்கலாம். கல்வத்தையும் பிளேடையும் பையில் இட்டுக் கட்டி, கீமோ கழிவோடு அனுப்பிவிட்டு, தலைமைச் செவிலியரிடம் காரணத்தைச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன்.

கையுறை, முகக்கவசம், சானிடைசர்

இந்த மூன்றைப் பற்றியும் உங்களுக்கு இருக்கும் எண்ணத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது.

கையுறை என்றால் எந்தக் கையுறையும் அல்ல. கீமோ மருந்துகள் ஊடுருவுகின்றனவா என்று சோதிக்கப்பட்டது என்ற குறிப்பு பெட்டியில் இருக்க வேண்டும். பொதுவாக இவை பவுடர் பூசாத நைட்ரைல் கையுறைகள். வினைல் கையுறை இதற்கு உதவாது. சிதையாத மாத்திரையை உறையிலிருந்து எடுத்துக் கொடுக்க ஒரு ஜோடி போதும். பூச்சில்லாத மாத்திரை, திரவம், குழாய் வழி, கழிவு என்று வந்தால் இரண்டு ஜோடி. கிழிந்தாலோ மருந்து பட்டாலோ உடனே மாற்ற வேண்டும். எதுவும் நடக்காவிட்டாலும் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது பொது விதி. ஒரு நோயாளிக்குக் கொடுத்த கையுறையோடு கதவுப்பிடியையும் கணினியையும் தொட்டால், நீங்கள் தப்பித்து, அடுத்து வருபவர் மாட்டிக்கொள்கிறார்.

அறுவை சிகிச்சை முகக்கவசம் உங்கள் மூச்சுத் துளிகள் நோயாளி மேல் விழாமல் தடுப்பதற்காக வந்தது. நுண்தூள் அதன் ஓரங்கள் வழியாக உள்ளே போகும். முகத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதித்து அணியும் என்95 வகைதான் தூளைத் தடுக்கும். இதைப் படித்துவிட்டு ‘என்95 போட்டுக்கொண்டு பொடிக்கிறேன்’ என்று யாரும் முடிவெடுக்க வேண்டாம். நீங்கள் தப்பித்தாலும், முகக்கவசம் இல்லாமல் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவர் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்.

சானிடைசர் கிருமிக்கானது. ஆல்கஹால் இந்த மருந்துகளை அழிப்பதில்லை. கழுவி அகற்றுவதும் இல்லை. தோலின் மேல் பரப்பிவிடத்தான் செய்யும். கையுறையைக் கழற்றியதும் சோப்பும் ஓடும் நீரும்தான். மேசையைத் துடைப்பதற்கும் இதே கணக்கு: ஆல்கஹால் துடைப்பானால் ஒருமுறை இழுத்துவிட்டால் மேசை பளபளக்கும், மருந்து அங்கேயே இருக்கும். சோடியம் ஹைபோகுளோரைட்டு (ப்ளீச் கரைசல்) பல மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும். பிறகு சோப்பு நீரில் நனைத்த, தூக்கியெறியக்கூடிய துணியால் துடைத்து, மறுபடி வெறும் நீரால் துடைக்க வேண்டும். மாத்திரை கீழே விழுந்து நொறுங்கினால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். இரண்டு ஜோடி கையுறை, கவுன், என்95 அணிந்து ஈரத் துணியை மேலே போட்டு அள்ளுங்கள்.

கொடுக்கும்போது மாத்திரையை உங்கள் உள்ளங்கையில் கொட்ட வேண்டாம். உறையிலிருந்து நேராகச் சிறு கிண்ணத்துக்கு, கிண்ணத்திலிருந்து நோயாளி தாமே வாய்க்கு. மாத்திரை எண்ணும் தட்டு இம்மருந்துகளுக்கென்று தனியாக இருக்கட்டும். தானாக மாத்திரை எண்ணும் இயந்திரத்தில் இவற்றைப் போடவே கூடாது. அதன் உரசலில் தூள் கிளம்பும்.

மருந்து வெளியேறும் வழி

உங்கள் கடிதத்தில் பெட்பேனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. செவிலியர் பலருக்கும் இது தோன்றுவதில்லை. மருந்தும் அதன் சிதைவுப் பொருள்களும் சிறுநீரிலும் மலத்திலும் வாந்தியிலும் வெளியேறுகின்றன. கடைசி வேளைக்குப் பிறகு 48 மணி நேரம் எச்சரிக்கை வேண்டும் என்பது பொதுவான கணக்கு, சில மருந்துகளுக்கு அதைவிடக் கூடுதல். இந்த 48 மணி நேரத்தைப் பலர் ஊசி மருந்துக்குப் பொருந்துவதுபோல் எண்ணிக்கொள்கிறார்கள். தினமும் மாத்திரை சாப்பிடும் நோயாளிக்கு அந்தக் கடிகாரம் ஒவ்வொரு வேளையும் புதிதாகத் தொடங்குகிறது. ஆகவே உங்கள் பெரியவருக்கு, மாத்திரை சாப்பிடும் நாள்கள் முழுவதும், நிறுத்தியபின் இரண்டு நாளும் சேர்த்து எச்சரிக்கை வேண்டும்.

பெட்பேன், சிறுநீர்ப் பை, டயப்பர், நனைந்த விரிப்பு ஆகியவற்றைத் தொடும்போது இரண்டு ஜோடி கையுறையும் கவுனும். தெறிக்க வாய்ப்பிருந்தால் முகத்துக்கு மறைப்பும் வேண்டும். கழிப்பறையில் கொட்டியதும் மூடியை மூடிவிட்டு நீர் விட வேண்டும். துணிகளைத் தனிப் பையில் கட்டி, பையிலேயே குறித்து அனுப்ப வேண்டும். இதைத் துப்புரவுப் பணியாளருக்கும் சொல்லிவைப்பது உங்கள் பொறுப்பு. ஆபத்தில் அவர் உங்களுக்குச் சமமாக இருக்கிறார், தகவலில் உங்களைவிடப் பின்தங்கி இருக்கிறார். கையுறை, கிண்ணம், சிரிஞ்சு எல்லாம் கீமோ கழிவுக்கென்று ஒதுக்கிய தொட்டிக்குப் போக வேண்டும். இம்மருந்துகளை அழிக்க 1200 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் தேவைப்படுவதால் சாதாரணக் குப்பையோடு போனால் பயனில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றையும் சேர்க்க வேண்டும். நோயாளியைத் தொடுவதில், நாடி பிடித்துப் பார்ப்பதில், கையைப் பிடித்து ஆறுதல் சொல்வதில் அஞ்ச ஒன்றுமில்லை. எச்சரிக்கை மருந்துக்கும் கழிவுக்கும்தான். அந்தச் சிறுவனிடம் தேவையில்லாமல் கவுனும் கண்காப்புமாகப் போய் நின்றால் அவன் என்ன நினைப்பான் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

வேலையை விடுவதா, மறுப்பதா

வேலையை விட வேண்டாம். நீங்கள் போனால் உங்கள் இடத்தில் இன்னொரு இளம்பெண் அதே கல்வத்தின் முன் நிற்பாள். நாளை காலையே “கொடுக்க மாட்டேன்” என்று மருந்தை மறுப்பதையும் நான் ஆதரிக்க மாட்டேன். அந்தச் சிறுவனின் மெர்காப்டோபியூரின் விடுபட்டால் நோய் திரும்பும் ஆபத்து கூடும். நீங்கள் மறுக்க வேண்டியது பொடிக்கும் முறையை, மருந்தை அல்ல. “முழு மாத்திரையாகவோ மருந்தகம் தயாரித்த திரவமாகவோ வந்தால் கொடுக்கிறேன். வார்டு மேசையில் பொடிக்கவோ வெட்டவோ இயலாது, கேபசிடபைனுக்குத் தயாரிப்பாளரின் தாளும் அதைக் கூடாது என்கிறது” என்று எழுத்தில் கொடுங்கள். பேச்சில் சொன்னால் அது பயந்தாங்கொள்ளித்தனமாகக் கேட்கும். எழுத்தில் வந்தால் பதிலளிக்க வேண்டிய பொருளாகிவிடும்.

அதே கடிதத்தில் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: மருத்துவமனையில் புழங்கும் ஆபத்தான மருந்துகளின் பட்டியல், எழுதப்பட்ட கையாளும் முறை, தகுந்த கையுறையும் கவுனும், பயிற்சி. தனியாக அனுப்பாமல் வார்டின் மற்ற செவிலியரையும் மருந்தாளுநரையும் சேர்த்துக்கொண்டால் நல்லது. மருந்தாளுநர் பெரும்பாலும் உங்கள் பக்கம்தான் நிற்பார். பொடித்த மருந்தின் அளவு தவறுவது அவருக்கும் தலைவலி.

கருத்தரிப்புத் திட்டத்தைச் சொல்வதா என்று தயங்கியிருக்கிறீர்கள். கர்ப்பம் உறுதியான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கருவின் உறுப்புகள் உருவாகும் காலம் கருத்தரித்ததிலிருந்து மூன்றாவது வாரத்தில் தொடங்கி எட்டாவது வாரம்வரை செல்கிறது. அதில் ஒரு பகுதி, நாள் தள்ளிப்போனதை நீங்கள் கவனிக்கும் முன்பே கடந்துவிடும். கருத்தரிக்க முயல்பவர், கர்ப்பிணி, தாய்ப்பால் கொடுப்பவர் மூவருக்கும் இம்மருந்துகளைக் கையாளாத மாற்றுப் பணி தருவது பல நாடுகளின் வழிகாட்டுதல்களில் இருக்கிறது. தந்தையாகத் திட்டமிடும் ஆண் செவிலியருக்கும் இது பொருந்தும். சில இடங்களில் இப்படிச் சொல்வதே பணி உயர்வுக்கும் ஒப்பந்தப் புதுப்பிப்புக்கும் இடையூறாகிவிடுவதை நான் அறிவேன். உங்கள் மேலாளரின் குணம் உங்களுக்குத் தெரியும். சங்கடம் வரும் என்று தோன்றினால் காரணத்தை விவரிக்காமல், “உடல்நலக் காரணங்களுக்காக ஆபத்தான மருந்துகளைக் கையாளும் பணியிலிருந்து விலக்கு வேண்டும்” என்று மருத்துவரின் சான்றோடு கேட்கலாம். உங்கள் நாட்டின் பணியாளர் சட்டம் இதில் என்ன உரிமை தருகிறது என்பதைச் செவிலியர் சங்கத்திடம் முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். கடிதம் கொடுத்த பிறகு கேட்பதைவிட அது நல்லது.

கழிந்த மாதங்களைப் பற்றி

நீங்கள் படித்த 6 மாதக் கணக்கு, நோயாளியாக முழுச் சிகிச்சை அளவில் கேபசிடபைன் சாப்பிட்ட பெண்ணுக்குச் சொல்லப்பட்டது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் உட்கொண்டவருக்கான எச்சரிக்கையை, பொடித்தபோது தூள் பட்ட உங்களுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. கேபசிடபைன் உடலில் தேங்கி நிற்கும் மருந்தும் அல்ல. அது கழிவது மணிக்கணக்கில். கருத்தரிக்க முயல்வதற்கு முன் இந்தத் தொடர்பை நிறுத்துங்கள், மகப்பேறு மருத்துவரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள், ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் தினமும் எடுத்துக்கொள்வதைக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். ஒருவேளை இப்போதே கர்ப்பமாக இருப்பது தெரியவந்தால், அதைக் கலைக்கக் காரணமாக எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். உடனே பணியை மாற்றிக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். இப்படிப்பட்ட தொடர்பு இருந்த பெரும்பாலோருக்கு ஆரோக்கியமான குழந்தைதான் பிறக்கிறது.

இரத்தத்திலோ சிறுநீரிலோ மருந்தைத் தேடும் சோதனைகள் ஆய்வுக்கூடங்களில் உண்டு. அவற்றால் உங்களுக்குப் பயன் இல்லை: மாதங்களுக்கு முன் பட்டதை அவை காட்டா, இன்றைய எண்ணைக் கொண்டு எதிர்காலத்தைச் சொல்லவும் முடியாது. முழு இரத்த அணுக்கள் சோதனை ஒன்றை இப்போது செய்து, அதன் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஒப்பிட உதவும். எந்தெந்த மருந்தை, எந்தக் காலத்தில், எப்படிக் கையாண்டீர்கள் என்பதையும் நினைவிருக்கும்போதே எழுதி, விபத்துப் பதிவேட்டில் ஒரு பிரதியும் உங்களிடம் ஒரு பிரதியும் இருக்கச் செய்யுங்கள்.

முடி உதிர்வுக்கும் தலைவலிக்கும் இந்த மருந்துதான் காரணம் என்று முடிவுகட்ட வேண்டாம். பாதுகாப்பில்லாமல் கீமோவைக் கையாண்ட பணியாளர்கள் இத்தகைய தொல்லைகளைக் கூறியதுண்டு. ஆனால் நீங்கள் கையாளும் இரண்டும், சிகிச்சை அளவில் சாப்பிடும் நோயாளிக்கே வழக்கமாக முழுத்தலையையும் வழுக்கையாக்குபவை அல்ல. இரவு டூட்டியும் தூக்கமின்மையும் இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டும் இந்த வயதில் இதைவிட அதிகம் காணப்படும் காரணங்கள். இரத்த அணுச் சோதனைக்கு ஊசி குத்தும்போதே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் சேமித்துள்ள இரும்புச்சத்தைக் காட்டுவது), தைராய்டு மூன்றையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். கர்ப்பத்துக்கு முன் அவை எப்படியும் பார்க்க வேண்டியவைதான்.